ஆந்தை தேடிப் போன ஞாயிற்றுக்கிழமை

1

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஆந்தை பார்க்கப் போனேன். பட்டப்பகலில், மலைப்பாதையில், நானே காரை ஓட்டிக்கொண்டு. இதில் எதை நீங்கள் முதலில் நம்பமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் ஒன்றையுமே நம்பமாட்டார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து இத்தாலிக்கு, சிசிலித் தீவின் பலெர்மோவுக்கு வந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. சீசா என்ற பகுதியில், மூன்றாம் மாடியில் இருக்கிறோம். கணவர் ஒரு உணவகத்தின் சமையலறையில் நிற்கிறார். நான் போர்கோ வெக்கியோப் பக்கத்தில் வயதான ஒரு இத்தாலிய அம்மாவை, ஒரு சிஞ்ஞோராவை, பார்த்துக்கொள்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், ஆரணி. இங்கேயே பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் இயற்கை விஞ்ஞானம், கடைசி வருடம்.

அவள் தாதிப் படிப்புப் படிப்பாள் என்று நினைத்திருந்தோம். நினைத்தது மட்டுமா, சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லியும் முடித்துவிட்டோம். அவள் பறவைகளைப் பிடித்துக்கொண்டாள். பறவைகளிலும் ஒரு கிளி, ஒரு மயில் என்றில்லை. ஆந்தை. கனடாவிலிருந்து மச்சாள் அழைத்து, "பிள்ளை என்ன ஆராய்ச்சி செய்யிறாள்?" என்று கேட்டபோது, "ஏதோ மிருகங்களைப் பற்றி" என்று சமாளித்தேன். ஆந்தை என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் பக்கத்தில் ஆந்தை கத்தினால் ஆருக்கோ காலம் கிட்டிவிட்டது என்பார்கள். இத்தாலியரும் இதில் எங்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை. இன்னொருவன் காரியம் கெட்டுப்போகட்டும் என்று மனதுக்குள் வேண்டுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்லே ஆந்தையிலிருந்து வந்ததுதான்.

அவள் தேடியது சிசிலியிலேயே இருக்கும் ஆந்தையை அல்ல. வடக்கே பனி மூடும் நாடுகளில் குஞ்சு பொரித்து, குளிர் காலத்தில் கடல் தாண்டித் தெற்கே வரும் ஆந்தை. குட்டைக்காது ஆந்தை என்று தமிழில் பெயர். மரத்தில் இருக்காது. தரையில், உயர்ந்த காய்ந்த புல்லுக்குள் படுத்திருக்கும். வெயில் சாயும்போது எழும்பி வயல்களின் மேலே தாழப் பறந்து எலி பிடிக்கும். கோர்லியோனேயைச் சுற்றியுள்ள கோதுமை நிலங்களுக்கு முன்பெல்லாம் வந்துகொண்டிருந்ததாம். இப்போதும் வருகிறதா என்று கண்டுபிடிப்பதுதான் ஆரணியின் வேலை.

குளிர்காலம் தொடங்கியதிலிருந்து, ஒவ்வொரு ஞாயிறும் தன் தோழி கியாராவின் காரில் போனாள். ஒன்றும் கிடைக்கவில்லை. இந்த மாதத்துக்குள் காணாவிட்டால் தலைப்பை மாற்றவேண்டும் என்று பேராசிரியை சொல்லிவிட்டார். மாற்றுத் தலைப்பும் தயாராக இருந்தது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் இருக்கும் பஞ்சடைத்த பறவைகள்.

சனிக்கிழமை பின்னேரம் கியாரா அழைத்தாள். படியில் சறுக்கி விழுந்து காலுக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆரணி போனை மேசையில் வைத்தாள்.

"என்ன பிள்ளை?"

"ஒண்டுமில்லை."

இந்த இரண்டு மூன்று வருடங்களில் அவள் என்னோடு அதிகம் கதைத்த தமிழ்ச்சொல் அதுதான். அறைக்கதவுக்குப் பின்னால் இத்தாலியனில் மணிக்கணக்காகச் சிரித்துக் கதைப்பாள். குசினிக்கு வந்தால், "ஒண்டுமில்லை." ஆனால் அன்றைக்கு அவளுடைய தாடை நடுங்கியது. அடுத்த நாள் மாதத்தின் கடைசி ஞாயிறு. கியாராவின் கார் இல்லை.

"நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன்.

"எங்கை?"

"உன்ர ஆந்தையளிட்டை."

"நீங்களோ?" அழ வந்தவள் அதை மறந்துபோனாள். "அம்மா, அது மலை றோட்டு. நீங்கள் போர்கோ வெக்கியோவைத் தாண்டிக் கார் கொண்டுபோனதே இல்லை."

"றோட்டு எண்டால் எல்லாம் றோட்டுத்தானே."

வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த கணவர் வாசலில் நின்று திரும்பினார். "உமக்கென்ன விசரே? லைசன்ஸ் எடுத்த ஈரம் காயேல்லை. அதுவும் ஆந்தையைத் தேடிப் போறாவாம்!"

"இஞ்சருங்கோ, நாளைக்கு நீங்கள் பஸ்ஸிலை வேலைக்குப் போங்கோ" என்றேன்.

2

அந்த லைசன்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

ஐம்பது வயதில் ஏன் கார் பழகினாய் என்று பலர் கேட்டார்கள். பெரிய காரணம் ஒன்றுமில்லை. சீசாவில் பஸ்ஸுக்கு நின்று நின்று என் முழங்கால் போய்விட்டது. மழை நாட்களில் நனைந்துபோய் சிஞ்ஞோராவின் வீட்டு வாசலில் நிற்கும்போது, நான் அவவைப் பார்க்க வந்தேனா அவ என்னைப் பார்க்க வேண்டுமா என்று தெரியாது. எங்கள் பழைய சின்னக் கார் பகல் முழுக்க வீட்டுக்கு முன்னால் சும்மா நிற்கும். கணவருக்குத் தரிப்பிடத்தை விட மனமில்லாததால் வேலைக்குப் போகும் நேரம் தவிர அவரும் அதைத் தொடமாட்டார்.

சாரதிப் பள்ளிக்குப் போனேன். பெர்மெஸ்ஸோவைக் கேட்டார்கள். என்னுடைய வதிவிட அனுமதி அப்போது புதுப்பிக்கக் கொடுத்தாயிற்று; கையில் இருந்தது ரசீது மட்டும். ரசீது போதுமா போதாதா என்று அங்கிருந்த இரண்டு பேர் என் முன்னாலேயே சண்டை பிடித்தார்கள். ஒருவர் போதும் என்றார், மற்றவர் போதாது என்றார். போதாது என்றவர் வென்றார். அட்டை கைக்கு வந்ததும் திரும்பவும் போனேன்.

பிறகு எழுத்துப் பரீட்சை. இத்தாலியனில், சரியா பிழையா என்று சொல்லவேண்டும். ஒரு வசனத்தைச் சரியென்று நினைத்து வாசித்துக்கொண்டு போனால் கடைசியில் ஒரு "எப்போதும்" அல்லது "மட்டும்" வந்து எல்லாவற்றையும் பிழையாக்கிவிடும். நான் இந்த நாட்டில் பேசப் பழகியது சந்தையிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும். என் இத்தாலியனுக்குக் காது உண்டு, கண் கிடையாது. ஆரணியிடம் ஒரு சொல்லுக்குக் கருத்துக் கேட்டேன். போனிலிருந்து முகத்தை எடுக்காமல், "அம்மா, கூகிளிலை பாருங்கோ" என்றாள். பார்த்தேன். ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். பல்லரோச் சந்தையில் வெண்டிக்காய் வாங்க நிற்கும்போதும் போனில் பரீட்சைக் கேள்விகளைத் தட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு முறை விழுந்தேன். மூன்றாம் முறை எழும்பினேன்.

ஓட்டப் பரீட்சை சுலபம். பலெர்மோவில் ஒரு மணித்தியாலம் இடியாமல் ஓட்டியவருக்கு அதற்கு மேல் என்ன பரீட்சை?

3

ஞாயிறு காலை வெளிக்கிட்டோம். பின் இருக்கையில் ஆரணியின் தொலைநோக்கி, முக்காலி, ரப்பர் சப்பாத்து, நான் பொரித்த ரோல்ஸ், சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி. நகரத்தை விட்டு வெளியேறும் பெரிய சாலையில் எல்லோரும் என்னைக் கடந்து போனார்கள். லொறி, மோட்டார் சைக்கிள், கடைசியில் ஒரு மூன்றுசில்லு வண்டிக்காரனும் கையை வெளியே நீட்டி ஏதோ சொல்லிக்கொண்டு போனான். ஆரணி தன் பக்கத்துக் கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்கு இன்றைக்கும் நன்றி.

மரினேயோ ஊரைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் போக்குவரத்து ஓய்ந்தது. வலமும் இடமுமாக வளைவுகள். மழை கரைத்த இடங்களில் றோட்டு பாதியாய்க் கிடந்தது. முன்னால் பெரிய பாறை மலையின் தலையில் பனி. சிசிலியில் பனி கிடக்கும் மலைக்கு நேராக நான் காரை விட்டுக்கொண்டு போகிறேன் என்று நினைக்க, தொண்டைக்குள் சிரிப்பு வந்தது.

"எங்கையிருந்து வருகுது உன்ர ஆந்தை?" என்று கேட்டேன்.

"ரஷ்யா, பின்லாந்து, அந்தப் பக்கத்தாலை. அங்கை நிலம் பனியாலை மூடினால் எலி பிடிக்கேலாது. அதாலை இறங்கி வருகுது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சில வருஷம் இலங்கைக்கும் போறதாம்" என்றாள்.

"அப்பிடியோ! அப்ப அதுவும்..."

"அம்மா, இப்ப 'எங்களைப் போல' எண்டு தொடங்காதேங்கோ. ஆந்தை ஆந்தைதான். அது அகதி இல்லை."

வாயை மூடிக்கொண்டேன். சொல்ல வந்தது அதேதான்.

4

ஒரு வளைவு திரும்பியதும் நீல நிறக் கார் ஒன்று ஓரமாக நின்றது. கராபினியேரிப் பொலிஸ்காரன் ஒருவன் நிறுத்தச் சொல்லிச் சிவப்புத் தட்டை நீட்டினான். இளம் பெடியன். மற்றவன் காரில் சாய்ந்துகொண்டு நின்றான்.

நான் ஓரமாக நிறுத்தினேன். அதற்குப் பிறகு நான் செய்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. இயந்திரத்தை நிறுத்தினேன், கதவைத் திறந்தேன், இறங்கினேன், கைப்பையை எடுத்து எல்லாப் பத்திரங்களையும் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி நின்றேன். லைசன்ஸ், பெர்மெஸ்ஸோ, அடையாள அட்டை, சுகாதார அட்டை, எல்லாம்.

யாழ்ப்பாணத்தில், போர்க்காலத்தில், காவலரண் வந்தால் சைக்கிளால் இறங்கவேண்டும். ஓட்டிக்கொண்டு கடக்கக்கூடாது. இறங்கி, உருட்டி, அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆமிக்காரன் தலையசைக்கும்வரை நிற்கவேண்டும். பள்ளிக்கூடம் போகவும் அப்படித்தான், பாண் வாங்கப் போகவும் அப்படித்தான். என் கால்கள் அதை மறக்கவில்லை.

"அம்மா, ஏன் இறங்கினனீங்கள்?" ஆரணி உள்ளேயிருந்து கத்தினாள். "ஏறுங்கோ! இறங்கத் தேவையில்லை!"

பெடியனும் திடுக்கிட்டுத்தான் போனான். "சிஞ்ஞோரா, உள்ளே இருங்கள். குளிர்கிறது" என்று இத்தாலியனில் சொன்னான். நான் ஏறிக்கொண்டேன். லைசன்ஸையும் கார்ப் பத்திரத்தையும் மட்டும் எடுத்தான். பெர்மெஸ்ஸோவைத் திறந்தும் பார்க்காமல் திருப்பிக் கொடுத்தான். பிறகு குனிந்து, எங்கே போகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டான்.

இத்தாலியனில் ஆந்தைகளுக்கு 'கூஃபி' என்று சொல்லவேண்டும். காலையில் வெளிக்கிடும்போதே ஆரணியிடம் கேட்டு இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். அந்தப் பெடியனின் இடுப்பில் துப்பாக்கியைக் கண்டதும் நாக்கு தன் பாட்டுக்குப் போயிற்று.

"செர்க்கியாமோ குவாய்" என்றேன், அவன் கண்ணை நேராகப் பார்த்து.

குவாய் என்றால் வம்பு. நாங்கள் வம்பு தேடிக்கொண்டு போகிறோம் என்று ஆயுதம் தரித்த ஒரு பொலிஸ்காரனிடம், மாஃபியாவுக்குப் பேர்போன கோர்லியோனே போகும் றோட்டில் வைத்து, தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

அவன் நிமிர்ந்தான். மற்றவனும் காரிலிருந்து முதுகை எடுத்தான். பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. ஆரணி சிரிக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் ஓட, மூச்சு எடுக்க முடியாமல் சிரிக்கிறாள். "கூஃபி! கூஃபி! ஆந்தை தேடுகிறோம்! ஆந்தை!" என்று அவள் பின் இருக்கையைக் காட்டிச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெடியனும் சிரித்துவிட்டான். தோழனைக் கூப்பிட்டு நான் சொன்னதைத் திரும்பச் சொன்னான். மற்றவன் கையைத் தட்டிச் சொன்னான்: "வம்பு என்றால் நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள், சிஞ்ஞோரா!"

பத்திரங்களைத் தந்துவிட்டு அந்தப் பெடியன் தொப்பியில் கை வைத்தான். எனக்கு. நான் கையை உயர்த்திப் பதில் கொடுத்துவிட்டு, இயந்திரம் நிற்காமல், குலுங்காமல், அழகாகக் காரை எடுத்தேன்.

இரண்டு வளைவு கடந்ததும் ஆரணி சிரிப்பை நிறுத்தினாள். "அங்கை எப்பவும் இறங்க வேணுமோ?" என்று கேட்டாள்.

சொன்னேன். சைக்கிள், காவலரண், பைக்குள் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியது, ஒருநாள் என் கணிதக் கருவிப் பெட்டியைத் திறந்து கவராயத்தை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்ற ஒருவன். இதையெல்லாம் நான் அவளுக்கு முன்பு சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. காரில் இருவருமே முன்னால் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும் என்பதால் கதைக்க லேசாக இருந்தது. அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். ஒரு கட்டத்தில் கைபிடியை விட்டுவிட்டாள் என்பதைக் கண்டேன்.

5

ஆந்தை தேடுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்கிறேன். மெதுவாகக் கார் ஓட்டவேண்டும். நிறுத்தவேண்டும். கண்ணாடியை இறக்கவேண்டும். குளிர் காதுக்குள் போகும். காய்ந்த புல்லையும் முட்செடியையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்க்கவேண்டும். ஒன்றும் இருக்காது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அடுத்த வயலுக்குப் போகவேண்டும். பொறுமை எனக்கு உண்டு. சிஞ்ஞோராவுக்கு ஒரு கிண்ணம் சூப் பருக்கிப் பாருங்கள்.

முதலில் நான்தான் கண்டேன். கல் குவியல் ஒன்றின் மேல் உருண்டையாக, கோபமாக, ஒரு குட்டி ஆந்தை. "அங்கை! அங்கை!" என்று கத்தினேன். பிரேக்கை அழுத்தியதில் ரோல்ஸ் எல்லாம் முன்னுக்கு வந்தன.

ஆரணி ஒரு பார்வைதான் பார்த்தாள். "உது இஞ்சத்தை ஆள் அம்மா. வருஷம் முழுக்க இஞ்சைதான். கணக்கிலை வராது."

எனக்கு அந்தக் குட்டி ஆந்தையை நினைக்கப் பாவமாக இருந்தது.

மத்தியானம் ஒரு பாழடைந்த பண்ணை வீட்டின் சுவரோரமாக நிறுத்திச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு ஒரு பெரிய பறவை வயலின் மேல் தாழப் பறந்து வந்தது. ஆரணி தொலைநோக்கியைத் தூக்கினாள். அவள் தோள் இறுகியதையும், பிறகு தளர்ந்ததையும் நான் கண்டேன். "பூனைப் பருந்து" என்றாள் இத்தாலியனில். தமிழ்ப் பெயரை நான் பிறகுதான் தேடிப் பார்த்தேன். அதுவும் வடக்கிலிருந்து வருவதுதான். ஆனால் ஆந்தை இல்லை.

வெயில் சாயத் தொடங்கியது. கோதுமை முளைகளின் பச்சை கறுத்துக்கொண்டு வந்தது. அவள் தொலைநோக்கியை மடியில் வைத்துவிட்டாள்.

"கிடைக்கேல்லை எண்டால் நான் விட்டிடப்போறன் அம்மா."

"தலைப்பையோ?"

"படிப்பை. அப்பா சொன்னது சரி. கியாராவுக்குப் பரவாயில்லை, அவளின்ரை அப்பா வக்கீல். நான் பஞ்சடைச்ச பறவையை எண்ணி என்ன செய்யிறது? ஆர் எனக்கு வேலை தரப்போகினம்? அந்தத் தாதிப் பரீட்சையை எழுதியிருக்கலாம்."

ஒரு வருடத்துக்கு முன்பு இதைக் கேட்டிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். கணவருக்கு உடனே போன் எடுத்திருப்பேன். ஆனால் காலையிலிருந்து அவளை நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு வந்தேன். தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தால் இந்தப் பிள்ளையின் முகமே மாறிவிடுகிறது. என் வீட்டுக் குசினியில் நான் காணாத முகம் அது. அது இல்லாமல் போவதை நான் விரும்பவில்லை.

"இன்னும் வெயில் கிடக்கு" என்றேன். "எங்கை போறது எண்டு சொல்லு."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"காகம்" என்றாள்.

பள்ளத்துக்கு அப்பால், எதிர்ச் சரிவில், உழாமல் விட்ட ஒரு நிலத்தின் மேல் காகங்கள் சுற்றிச் சுற்றி விழுந்து எழும்பிக்கொண்டிருந்தன. நான் என்ன அதிசயம் என்று பார்த்தேன். ஆரணியின் குரல் தணிந்து, வேகமாகியது. "சும்மா அப்பிடிச் செய்யாதுகள். புல்லுக்குள்ளை ஏதோ படுத்திருக்கு. அதைக் கலைக்கப் பாக்குதுகள். அம்மா, அங்கை. அங்கை போவம்!"

6

அங்கே போவதற்கு ஒரே ஒரு மண்பாதைதான். பள்ளத்தின் அடியில், மழைக்குப் பெருகிய ஓடை அந்தப் பாதையின் மேலாலேயே ஓடிக்கொண்டிருந்தது. நடந்தால் நீளமான சரிவு முழுக்க ஏறவேண்டும்; போய்ச் சேர முன் இருட்டிவிடும்.

ஆரணி ரப்பர் சப்பாத்தோடு இறங்கி நடுவரைக்கும் போனாள். தண்ணீர் அவளுடைய பாதிக் கெண்டைக்கால் வரைதான். அடியில் கல். ஆனால் திரும்பி வந்தவள், "வேண்டாம் அம்மா. நிண்டுபோனால் இழுக்கிறதுக்கு ஒருத்தரும் இல்லை" என்றாள்.

"ஏறு."

"அம்மா..."

"ஏறு எண்டுறன்."

ஊரில் மாரி மழைக்கு எங்கள் ஒழுங்கையில் சைக்கிள் சில்லு பாதி மூழ்கும். அதற்குள்ளால்தான் பள்ளிக்கூடம் போனேன். தண்ணீருக்குள் பயந்து மிதிப்பதை நிறுத்தினவர்கள் விழுந்தார்கள். அது எனக்கு ஒருவரும் படிப்பித்த பாடமில்லை, விழுந்து பார்த்தது. காரை முதல் கியரில் போட்டேன். காலை ஒரே அளவில் வைத்தேன். தண்ணீர் கதவில் மோதும் சத்தம் கேட்டது. நடுவில் பின்பக்கம் ஒரு முறை வழுக்கி இடப்பக்கம் போனது. ஆரணி கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. காலை எடுக்கவுமில்லை. முன்சில்லு கல்லில் கவ்வியது, மூக்கை உயர்த்தியது, நாங்கள் அக்கரையில் நின்றோம். கண்ணாடி முழுக்கச் சேறு.

"ம்மா" என்றாள் ஆரணி.

சரிவில் ஏறி, வேலி ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்தோம். காகங்கள் போய்விட்டிருந்தன. காய்ந்த புல் மஞ்சள் வெளிச்சத்தில் அசைந்தது. ஒன்றுமில்லை.

பிறகு புல்லின் ஒரு துண்டு எழும்பியது.

அப்படித்தான் தெரிந்தது. அதே மஞ்சள், அதே பழுப்பு. நீண்ட சிறகு, சத்தமே இல்லை. பெரிய வண்ணத்துப்பூச்சி போல மெதுவாக அடித்து அடித்து, எங்கள் காருக்கு முன்னால் தாழ வந்தது. ஆரணியின் கை என் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. இன்னொன்று எழும்பியது. அதற்குப் பின்னால் இரண்டு சேர்ந்து. சரிவின் மேல் பக்கத்தில் இன்னும். வயல் முழுக்க ஆந்தைகள் மிதந்துகொண்டிருந்தன.

ஆரணி எண்ணினாள். "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு..." கிசுகிசுப்பாக, தமிழில். பள்ளிக்கூடக் கணக்கைக்கூட இத்தாலியனில் எண்ணிச் செய்து வளர்ந்தவள். அவளுக்கே அது தெரிந்திருக்காது. ஏழுக்குப் பிறகு நான் விட்டுவிட்டேன். அவள் ஒன்பது என்றாள். திரும்பவும் எண்ணினாள். ஒன்பது.

ஒன்று வேலிக் கட்டையில் வந்து இறங்கியது. காரிலிருந்து ஒரு அறையின் நீளம்தான். தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது. ஆந்தையின் முகத்தை இவ்வளவு கிட்ட, வெளிச்சத்தில், நான் பார்த்ததில்லை. மஞ்சள் கண்கள். அவற்றைச் சுற்றி அடர்ந்த கறுப்பு, குழந்தைப் பிள்ளைக்கு மை பூசிக் கொஞ்சம் கலைந்துபோனது போல. பயப்பட இதில் என்ன இருக்கிறது? இத்தனை வயது வரை எந்தக் குரலுக்கு நாங்கள் பயந்து கதவைச் சாத்தினோம்?

"ஆர் பிள்ளை இதுக்கு மை பூசி விட்டது?" என்றேன்.

ஆரணி சிரித்தாள். படம் எடுத்துக்கொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். ஆந்தை தன் வேலையைப் பார்க்கப் போனதும் கதவைத் திறந்து வெளியே பாய்ந்து, சுற்றி வந்து, என் கதவைத் திறந்து, என்னைக் கழுத்தோடு கட்டிப்பிடித்தாள். சீட் பெல்ட் கழற்றாமல் நான் பாதி உள்ளே, பாதி வெளியே. பெரிய பிள்ளையான பிறகு அவள் என்னை அப்படிப் பிடித்ததில்லை.

பேராசிரியைக்கு அங்கேயே நின்று போன் எடுத்தாள். "நோவே! ஒன்பது!" என்று இத்தாலியனில் கத்தினாள். மறுபக்கத்திலிருந்தும் ஒரு கூச்சல் எனக்குக் கேட்டது. பிறகு பேராசிரியை ஏதோ கேட்டார். ஆரணி என்னைப் பார்த்தபடி போனில் சொன்னாள்: "என் அம்மாவோடு வந்தேன். இல்லை, நான் ஓட்டவில்லை. அம்மாதான்."

7

திரும்பப் புறப்படும்போது மேல் பக்கத்தால் ஒரு ஜீப் இறங்கி வந்தது. நிலத்துக்காரர். அறுபது வயதிருக்கும், பக்கத்தில் ஒரு நாய். தன் நிலத்தில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்க வந்தவர், எங்கள் காரைப் பார்த்ததும் கேள்வியை மாற்றிவிட்டார்.

"இது எப்படி இங்கே வந்தது?"

ஆரணி பள்ளத்தைக் காட்டினாள்.

"தண்ணீருக்குள்ளாலா? இதிலா?" அவர் காரைச் சுற்றி வந்து கதவில் காய்ந்துகொண்டிருந்த சேற்றைத் தொட்டுப் பார்த்தார். "முந்தநாள் என் மருமகன் இந்த ஜீப்போடு அங்கே நின்றுபோனான். உழவு இயந்திரத்தால் இழுத்தேன். யார் ஓட்டியது?"

"இவர்" என்றாள் ஆரணி. "என் அம்மா."

அவர் என்னைப் பார்த்தார். கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டு, தலையில் துணி சுற்றி, நெற்றியில் பொட்டோடு நிற்கும் என்னை. தொப்பியைக் கழற்றினார். "சிஞ்ஞோரா" என்றார், அதற்கு முன்னால் இங்கே எழுதமுடியாத ஒரு சிசிலிச் சொல்லையும் சேர்த்து. மரியாதையாகத்தான் சேர்த்தார்.

மேல் பக்கத்தால் தன் வீட்டு வழியாக நல்ல பாதை இருக்கிறது, கேற்றைத் திறந்து விடுகிறேன், அதால் போங்கள் என்றார்.

"நன்றி" என்றேன், பிசகாத இத்தாலியனில். "நாங்கள் வந்த வழியாலேயே போகிறோம்."

அவர் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாயும் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த முறை ஆரணி கண்ணை மூடவில்லை. தண்ணீரைக் கடந்து அக்கரை ஏறியதும் பின்னாலிருந்து ஜீப்பின் ஹோர்ன் நீளமாக ஒலித்தது.

மலை இறங்கி, பெரிய சாலைக்கு வந்து, தூரத்தில் பலெர்மோவும் அதற்கப்பால் கடலும் தெரியத் தொடங்கியபோது கணவர் அழைத்தார். மத்தியான வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கவேண்டும். ஆரணி போனை எல்லோருக்கும் கேட்கும்படி போட்டாள்.

"எங்கை நிக்கிறியள்? கார் ஓடுதோ? ஆரும் இழுத்துக்கொண்டு வருகினமோ?"

"ஒருத்தரும் இழுக்கேல்லை அப்பா. ஒன்பது ஆந்தை! வந்து சொல்லுறன். நீங்கள் சோறு போட்டு வையுங்கோ, எங்களுக்குச் சரியான பசி."

"இருட்டுப் படுகுது. கொம்மாவை மெதுவா ஓடச் சொல்லு."

முன்னால் ஒரு லொறி ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை. சமிக்ஞை போட்டேன்.

ஆரணி என் கையைப் பார்த்தாள், பிறகு லொறியைப் பார்த்தாள், பிறகு போனைப் பார்த்துச் சொன்னாள்: "சொன்னாலும் அவ கேக்கமாட்டா அப்பா."

நான் ஐந்தாவது கியருக்கு மாற்றினேன்.